பூவைத் திருப்பிப் பாருங்கள்

மழை ஓய்ந்த பத்தாம் நாள், கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் வாசற்படி ஓரத்திலும் ஊருணிக் கரையிலும் ஒரு செடி தலைநீட்டும். பல் பல்லாய் விளிம்பு வைத்த இலை. நகமளவு வெளிர்மஞ்சள் பூ. துத்தி என்றெண்ணி மூலத்துக்குப் பறித்துவிடவோ, குறுந்தொட்டி என்று வேரோடு பிடுங்கிவிடவோ வெகுநேரம் ஆகாது. ஆனால் இது அந்த இரண்டும் இல்லை.

மால்வாஸ்ட்ரம் கொரமண்டலியானம் என்பது இதன் பெயர். 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயரிலேயே நம் சோழமண்டலக் கரை ஒட்டிக்கொண்டது. செடிக்குத் தாய்மண்ணோ வெப்பமண்டல அமெரிக்கா. பெயரை நம்பி, பாட்டி காலத்து மூலிகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு பூவைக் காம்போடு கிள்ளித் திருப்புங்கள். பச்சைப் புல்லிவட்டத்துக்கு அடியில், அதை ஒட்டி மூன்று மெல்லிய செதில்கள் தனியாக நிற்கும். துத்தியிலும் குறுந்தொட்டியிலும் அந்த இடம் வெறுமை. துத்தியின் இலை நெஞ்சு வடிவம், தொட்டால் வெல்வெட்டு. காய் பற்சக்கரம் போல வெளியே தெரியும். இதன் காயோ புல்லிக்குள் ஒளிந்திருக்கும். பிரித்தால் பத்துப் பன்னிரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று சிறு முள்.

இது விஷச்செடி என்று சொல்லவில்லை. துத்தி என்று நம்பி நாளைக் கடத்துவதுதான் பயம். மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். குடல் புற்றுநோயும் அப்படித் தலைகாட்டலாம். மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

துத்தியையோ குறுந்தொட்டியையோ கடையில் காய்ந்த வேராகவோ பொடியாகவோ வாங்கும்போது பூவும் இருக்காது, காயும் இருக்காது. அங்கே நமக்குள்ள பிடி ரசீதுதான். கேட்டு வாங்குங்கள். பொட்டலமிட்ட சித்த மருந்தென்றால் உரிம எண்ணும் உட்பொருள் பட்டியலும் உறையில் இருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் மீதிப் பொருளைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

செடியே சந்தேகமென்றால், பூவும் காயுமாக ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவையுங்கள். பறித்த இடத்தையும் தேதியையும் அதன்மேல் எழுதுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகம், கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடங்களில் இதைப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதுவரை அந்தக் கீரை அடுப்பேற வேண்டாம்.