படுத்தே இருந்தால் இருதயம் தேறுமா?

வாப்பாவுக்கு இருதயச் செயலிழப்பு என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான்: "எழும்பாதீங்க வாப்பா, படுங்க." தேத்தண்ணி கட்டிலுக்கு வந்தது. கை கழுவத் தண்ணீரும் கட்டிலுக்கே வந்தது. நாலு மாதத்தில், குளியலறைக்குப் போய்வரவே மனிசனுக்கு மூச்சு இரைத்தது. வருத்தம் முத்திவிட்டது என்று உம்மா அழுதா. ஆனால் எக்கோ ஸ்கேனில் இருதயம் முந்தியதைவிட மோசமாகியிருக்கவில்லை. அப்ப மூச்சு ஏன் வாங்குது?

பெயர்தான் பயமுறுத்துகிறது. இருதயம் நின்றுபோவதல்ல இந்த நோய்; உடம்புக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்க முடியாமல் அது தவிப்பது. பம்பு பலவீனமென்றால் அதற்கு ஓய்வு கொடுக்கத்தானே வேணும்? ஒரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1988இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய நோயாளர் சிலருக்குப் பல மாதம் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் உழைக்கும் சக்தி கூடியது. ஆனால் பெரிய மாற்றம் இருதயத்தில் இல்லை, கால்களில்தான். கால்கள் இரத்தத்திலிருந்து கூடுதலாக ஒட்சிசனை எடுக்கப் பழகியிருந்தன.

இதைத் திருப்பிப் போட்டால் வாப்பாவின் கதை. நடக்காத காலில் தசை மெலிகிறது. ஒட்சிசனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் இழைமணிகளும் குறைகின்றன. அப்படியான கால் நாலு எட்டு வைத்தாலே களைக்கும். கூட மூச்சு வாங்கச் சொல்லி மூளையை நெருக்கும். வாப்பாவின் இரைப்பில் ஒரு பங்கு நாங்கள் அன்பால் உண்டாக்கியது.

பயிற்சியை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 2331 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. பயிற்சி ஆபத்தில்லை, அன்றாட வாழ்க்கை இலேசாகிறது என்று அது காட்டியது. மரணத்தையும் ஆஸ்பத்திரியில் சேர்வதையும் குறைத்ததில் பலன் சொற்பந்தான். பலர் சொன்ன அளவுக்குப் பயிற்சி செய்யவுமில்லை. மாத்திரைக்கு நடை பதிலல்ல.

எவ்வளவு வேகமாக நடப்பது? பீட்டா தடுப்பு மாத்திரை குடிப்பவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அதை மட்டும் நம்ப முடியாது. சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலில் 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி ஏலாது. இந்த நோயாளருக்குப் பொதுவாக 11க்கும் 14க்கும் இடையில் சொல்வார்கள். வாப்பாவுக்கு இலக்கம் பிடிபடவில்லை. "கதைச்சிக்கிட்டு நடங்க, கதை அறுந்தா மெதுவாக்குங்க" என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னது பிடிபட்டது. டொக்டர் பரிசோதித்துச் சரி சொன்ன பிறகு, காலையும் பின்னேரமும் ஐந்து நிமிடத்தில் தொடங்கினோம்.

நடக்கக் கூடாத நாளும் உண்டு. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ நிறை கூடினால், கால் புதிதாக வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால் அன்று நடையில்லை, டொக்டரிடம் காட்ட வேணும். நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றி விழப் பார்த்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

போன கிழமை வாப்பா பள்ளிவாசல் கேட் வரைக்கும் போனார். இடையில் இரண்டு தரம் நின்றார். வழியில் கண்ட எல்லாரோடும் கதைத்தார், கதை அறவில்லை.