ஒரே ஆலை, இரு பதிவேடுகள்: இந்தியாவிலும் இலங்கையிலும் அயல்நாட்டு வணிகக்குறி விண்ணப்பங்கள்

ஒரகடத்தில் 2012இல் திறக்கப்பட்ட டெய்ம்லர் ஆலையின் சரக்குந்துகள் இந்தியச் சந்தையில் பாரத்பென்ஸ் என்னும் குறியுடன் விற்கப்படுகின்றன. அதே ஆலையிலிருந்து 2013 முதல் இலங்கை உள்ளிட்ட நாடுகளுக்குச் செல்பவை ஃபூசோ என்னும் குறியைத் தாங்குகின்றன. வணிகக்குறி உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. சென்னையில் பெற்ற பதிவு கொழும்பில் செல்லாது. ஆகவே, ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் வழித்தடத்தின் ஏற்றுமதியை ஆராய்வோர் இரு நாட்டுப் பதிவேடுகளையும் அணுக வேண்டியுள்ளது.

இரண்டுக்கும் நுழைவாயில் வேறு. இந்தியா 2013 ஜூலை 8 அன்று மாட்ரிட் நெறிமுறையில் இணைந்தது. அதன்பின் அயல்நாட்டு நிறுவனம் தன் நாட்டு அலுவலகத்தின் வழியே அளிக்கும் ஒரே பன்னாட்டு விண்ணப்பத்தில் இந்தியாவையும் குறிப்பிடலாம். இந்தியா இணைந்து பத்தாண்டு கடந்தபின்னும் இலங்கை அதில் இணையவில்லை. அங்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், உள்நாட்டு முகவர் வழியே நேரடியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ('அறிவுசார் சொத்து' என்று தமிழகம் வழங்குவதை ஈழத்தமிழ் 'புலமைச் சொத்து' என்கிறது.)

இதனால் எண்ணிக்கைகளை அப்படியே அருகருகே வைப்பது பிழையாகும். இந்தியாவில் ஒரே விண்ணப்பம் பல பொருள் வகுப்புகளை உள்ளடக்கலாம். இலங்கையில் வகுப்புக்கு ஒரு விண்ணப்பம் தேவை. உலக அறிவுசார் சொத்து நிறுவனம் விண்ணப்பங்களுக்கு மாறாக வகுப்புகளை எண்ணி ஒப்பிடுவது இதனால்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. விண்ணப்பதாரரின் முகவரியே 'அயல்நாட்டவர்' என்பதைத் தீர்மானிக்கிறது. 1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாயின் இந்தியத் துணை நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை முகவரியில் விண்ணப்பித்தால் அது உள்நாட்டுக் கணக்கில் சேரும். சியோல் தலைமையகம் விண்ணப்பித்தால் அயல்நாட்டுக் கணக்கில் சேரும். அயல்நாட்டு முதலீடு மிகுந்த இவ்வழித்தடத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

பயன்பாடு பற்றிய விதி இன்னும் கூர்மையானது. பதிவான குறி தொடர்ந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தப்படாவிடில், 1999ஆம் ஆண்டு இந்திய வணிகக்குறிச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்கீழ் அதை நீக்கக் கோரலாம். ஆனால் ஏற்றுமதிப் பொருளின்மீது இந்தியாவில் குறியைப் பொறிப்பதையும் 56ஆம் பிரிவு பயன்பாடாகவே கொள்கிறது. எனவே இந்தியாவில் ஒரு வண்டிகூட விற்காத ஏற்றுமதிக் குறியையும் ஆலை வாயிலே காக்கும்.

உலகப் புகழ் மட்டும் அவ்வாறு காப்பதில்லை. பிரையஸ் வழக்கில் 2017 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் டொயோட்டாவின் கோரிக்கையை ஏற்கவில்லை. 1997இல் ஜப்பானில் அறிமுகமான அக்காரின் பெயரை இந்திய உதிரிபாக நிறுவனமொன்று 2001 முதல் பயன்படுத்தி வந்தது. அதற்கு முன்பே இந்தியச் சந்தையில் அப்பெயர் போதிய நற்பெயர் ஈட்டியிருந்தது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை.

இவ்வெச்சரிக்கை பெருநிறுவனங்களைவிட, அவற்றைச் சுற்றி வளர்ந்துள்ள சிறு உதிரிபாகத் தொழிலகங்களுக்கே அதிகம் பொருந்தும். சொந்தப் பெயரில் இலங்கைக்குப் பொருள் அனுப்பும் தொழிலகம் மாட்ரிட் வழியே அந்நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. பாரிஸ் உடன்படிக்கையில் இரு நாடுகளும் உறுப்பினர்கள். எனவே இந்தியாவில் முதன்முதலாக விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் கொழும்பில் விண்ணப்பித்தால் அந்த முந்தைய நாளையே முன்னுரிமை நாளாகக் கோரலாம். அக்காலம் கடந்தால் விண்ணப்பிக்கும் வாய்ப்பு மட்டுமே எஞ்சும். இடைப்பட்ட காலத்தில் அதே பெயருக்கு அங்குள்ள விற்பனையாளரே விண்ணப்பித்திருந்தால், வரிசையில் அவர் முன்னே நிற்பார்.