கொதிகலனுக்கு ஆகாதது வயலுக்கு ஆகும்

களத்தில் கிடக்கும் வைக்கோல் மழையில் நனைந்துவிட்டால் நமக்குக் கவலைதான். நிறம் கெடும், மாடு ஒதுக்கும், விலை இறங்கும். ஆனால் டென்மார்க் நாட்டில் வைக்கோலை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களுக்கு, ஒருமுறை மழையில் அலசப்பட்டு நன்றாகக் காய்ந்த வைக்கோலே சிறந்த எரிபொருள். காரணம், வைக்கோலில் உள்ள சாம்பல் சத்து. இந்தச் செய்தியில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

டென்மார்க்கில் கோதுமையும் பார்லியும் அதிகம். 1993-ல் அந்நாட்டில் ஏற்பட்ட ஓர் அரசியல் உடன்பாட்டின்படி, 2000-ம் ஆண்டுக்குள் மின் நிலையங்கள் ஆண்டுக்கு 12 லட்சம் டன் வைக்கோல் எரிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எரிக்கத் தொடங்கியதும் கொதிகலன் குழாய்கள் அரிக்கும் சிக்கல் பெரிதாகத் தெரிந்தது.

இரும்பு எப்படி அரிக்கிறது?

பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிடும். நாம் இடும் பொட்டாஷ் உரத்தில் சாம்பல் சத்தோடு குளோரினும் உண்டு; அதுவும் தாளில் ஏறும். வைக்கோல் எரியும்போது இவை இரண்டும் சேர்ந்து உப்பு ஆவியாகப் பறந்து, நீராவியைச் சூடேற்றும் எஃகுக் குழாய்களின் மேல் படிகின்றன. எஃகின் மேல் இயற்கையாக உள்ள குரோமியப் பாதுகாப்புப் படலத்தை இந்த உப்பு சிதைத்துவிடும். பிறகு குளோரின் உள்ளே புகுந்து இரும்போடு சேரும். அந்தக் கூட்டுப்பொருள் ஆவியாகி வெளிப்பக்கம் வந்து, காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் துருவாக மாறும். குளோரின் மறுபடி விடுபட்டு, மீண்டும் இரும்பிடம் போகும். இப்படிக் கொஞ்சம் குளோரினே திரும்பத் திரும்ப வேலை செய்து குழாயை மெலியச் செய்கிறது.

சூடு ஏற ஏற அரிப்பும் வேகமாகும். அதனால் 1989-ல் தொடங்கிய ஹாஸ்லெவ் நிலையத்தில் நீராவியின் சூட்டை 450 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே நிறுத்தினார்கள். 1996-ல் வந்த மாஸ்னெடோ நிலையத்தில் 522 டிகிரி வரை துணிந்தார்கள். சூட்டைக் குறைத்தால் குழாய் பிழைக்கும். ஆனால் அதே வைக்கோலில் கிடைக்கும் மின்சாரம் குறையும். வைக்கோலை நிலக்கரியோடு கலந்து எரிப்பதும் ஒரு வழி. நிலக்கரியிலுள்ள கந்தகம் அந்த உப்பை அவ்வளவாக அரிக்காத வேறு உப்பாக மாற்றிவிடும்.

மழை செய்யும் உதவி

மழை படாத மஞ்சள் வைக்கோலில் சுமார் 0.75 சதம் குளோரினும் 1.18 சதம் பொட்டாசியமும் இருந்தன. மழையில் அலசப்பட்டு வெளிறிய வைக்கோலில் குளோரின் 0.2 சதமாகவும், பொட்டாசியம் 0.22 சதமாகவும் குறைந்தன. இவை டென்மார்க் கணக்குகள். நனைந்ததை அப்படியே கட்டிக் கொடுக்க முடியாது. ஈரம் 20 சதத்துக்கு மேல் போனால் அங்கே வாங்குவதில்லை.

கழுவப்பட்ட சத்து எங்கே போனது? வயலுக்குத்தான். கொதிகலனுக்குப் பகையானது பயிருக்கு உணவு.

நமது கணக்கு

தமிழ்நாட்டிலும் சீமைக் கருவேல விறகு, உமி, பயிர்க்கழிவு ஆகியவற்றை எரிக்கும் மின் நிலையங்கள் உண்டு. நெல் வைக்கோல் ஒரு டன்னில் சுமார் 14 முதல் 20 கிலோ சாம்பல் சத்து இருக்கிறது. பொட்டாஷ் உரத்தில் 60 சதம் சாம்பல் சத்து. ஆகவே ஒரு டன் வைக்கோல் விற்றால் சுமார் 23 முதல் 33 கிலோ பொட்டாஷ் உரம் வண்டியேறிப் போகிறது என்று பொருள். ஏறக்குறைய அரை மூட்டை!

எனவே வைக்கோல் விலை பேசும்போது இந்த உரத்தின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். மாட்டுக்குக் கொடுத்தால் சத்து சாணத்திலும் மூத்திரத்திலும் திரும்பிவிடும். மூத்திரம் வீணாகாதபடி தொழுவத்தில் கூளம் பரப்புவது நல்லது. எரிபொருளுக்கு விற்பதாக இருந்தால், ஆண்டுதோறும் ஒரே வயலிலிருந்து விற்காமல் மாற்றி மாற்றி விற்கலாம். விற்ற வயலில் மண் பரிசோதனை செய்து, குறைந்த சாம்பல் சத்தை ஈடுகட்ட வேண்டும்.

மின் நிலையச் சாம்பல் மலிவாகக் கிடைத்தாலும் பரிசோதிக்காமல் வயலில் கொட்ட வேண்டாம். அடுப்படியில் விழும் சாம்பலைவிட, புகையோடு பறந்து பிடிபடும் சாம்பலில் காட்மியம் என்ற நச்சு உலோகம் அதிகம் சேரும். எந்தச் சாம்பல் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவதே நல்லது.