கிரிப்டோ நாணயமும் கொழும்புத் தமிழ் மத்தியதர வர்க்கமும்

கிரிப்டோ நாணயங்களிற் பணமிட்டு இழந்தோர் மீண்டும் அவற்றையே நாடுவது ஏன் என்னும் வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடை ‘பேராசை’ என்பதாகும். இது ஒழுக்கவியல் விடை. குறிப்பிட்டதொரு காலத்தில் குறிப்பிட்டதொரு வர்க்கத்தினரிடையே இப்பழக்கம் வேரூன்றுவதை அது விளக்குவதில்லை.

2022 மார்ச்சுக்கு முன் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. செப்டெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மாதச் சம்பளத்தையும் நிலையான வைப்பையும் நம்பிய எழுதுவினைஞருக்கும் ஓய்வூதியருக்கும் சேமிப்பதே நிச்சயமான நட்டமாயிற்று. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழருக்கோ இன்னுமொரு நினைவுண்டு. 1983 யூலையில் வீடும் கடையும் எரிந்தபின், கையோடு கொண்டுசெல்லக்கூடிய செல்வமே செல்வம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. நகை அத்தேவையை நிறைவேற்றியது. எல்லை கடக்கவல்ல, எந்த அரசையும் சாராத பணம் என்ற விளம்பரம் இந்தப் பழைய தேவையையே தொட்டது.

2009இல் இயங்கத் தொடங்கிய பிற்கொயினின் மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாது. அது வட்டியோ இலாபப் பங்கோ தருவதில்லை. அடுத்து வாங்குபவர் கூடிய விலை கொடுத்தாலே ஆதாயம். பணம் சரக்காகிக் கூடுதற் பணமாகும் சுற்றோட்டத்தை மார்க்ஸ் விளக்கினார். இங்கே நடுவிலிருந்த உற்பத்தி மறைந்துவிடுகின்றது. 2021 நவம்பரில் 69,000 டொலரளவில் நின்ற விலை ஓராண்டில் 16,000 டொலரளவுக்கு வீழ்ந்தது. 2024 டிசெம்பரில் ஓரிலட்சத்தைக் கடந்தது. இவ்வேற்றமே வேறு போலித் திட்டங்களில் இழந்தவருக்கும் ‘பொறுத்தார் வென்றார்’ என்ற ஆறுதலை வழங்குகின்றது.

அப்போலித் திட்டங்களுள் எம்.ரி.எப்.ஈ. நமது கவனத்துக்குரியது. அதன் பரவலை விளங்கிக்கொள்ளச் சீட்டை நோக்கவேண்டும். சீட்டுப் பிடிப்பவர் ஒழுங்கையிலே அறியப்பட்டவர். போட்டவர்களின் பணமே கழிவுபோக ஒருவர் கைக்கு வரும். ஏமாற்றினால் அவர் தெருவில் முகங்காட்ட இயலாது. புதிய திட்டம் இந்த நம்பிக்கையையே மூலப்பொருளாகக் கொண்டது. ஆள் சேர்த்தவருக்குப் பங்கு கிடைத்தது; ஆகவே அழைத்தவர் மைத்துனராகவோ உடன்வேலை செய்பவராகவோ இருந்தார். சீட்டின் முகம் இருந்தது, சீட்டுக்காரர் இருக்கவில்லை. 2023 ஓகஸ்டில் அது சரிந்தபோது கணக்குகள் கடன் காட்டின. மேலும் பணம் கட்டும்படி கேட்கப்பட்டது. மைத்துனரைச் சேர்த்துவிட்டவர் இதனை மோசடியென ஒப்புக்கொள்வது எங்ஙனம்? ஒப்புக்கொண்டால் போவது பணம் மட்டுமன்று, உறவும் போகும். எனவே காத்திருக்கின்றார், சிலவேளை இன்னொரு திட்டத்தில் இட்டு மீட்க முயல்கின்றார். இதைப் பேராசை என்பதிலும் கடப்பாடு என்பதே பொருந்தும்.

மத்திய வங்கி 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளிற் கிரிப்டோ பற்றி எச்சரித்தது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின்கீழ்த் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களுள் எம்.ரி.எப்.ஈ.யை 2023இற் சேர்த்தது. எச்சரிக்கையில் பிழையில்லை. ஆயினும் ரூபாவின் மதிப்பைக் காக்க இயலாத நிறுவனமே ரூபாவை நம்பும்படி கூறியபோது, ஓய்வூதியரின் காதில் மைத்துனரின் சொல்லே முதலில் விழுந்தது.