பொதிக்குள் துவக்கு: இயந்திரம் எதைத் தேடுகிறது?

அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கை விமானத்தின் சரக்கறையில் ஏற்றலாம். கைப்பையில் ஒருபோதும் முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 17ஆவது இணைப்பு இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. ரவை ஏற்றப்படவில்லை என்பதை அதிகாரமும் தகுதியும் பெற்ற ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். பறக்கும்போது எவர் கையும் எட்டாத இடத்தில் துவக்கு இருக்க வேண்டும். பூட்டிய பெட்டி, முன்னறிவித்தல் போன்றவை நாடுகளும் விமான நிறுவனங்களும் சேர்ப்பவை.

இலங்கையில் சுடுகலன் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்கப்படுவது. அந்தத் திகதி நெருங்க, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: புதுப்பித்த பத்திரத்தைக் காட்டினால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் போதுமா? போதாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அந்தப் பத்திரம் இந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தனியாக வேண்டும். போய் இறங்கும் நாட்டின் அனுமதியும் வேண்டும்.

பொதிகள் “நூறு வீதம்” பரிசோதிக்கப்படுகின்றன என்ற அதிகாரிகளின் கூற்றைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சர்வதேசப் பயணிகளின் சரக்கறைப் பொதிகள் நூறு வீதம் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது 2006 ஜனவரி 1 முதல் உலக விதி. இங்கே பரிசோதனை என்பது ஒவ்வொரு பொதியையும் மனிதக் கண் பார்ப்பதல்ல. பெரிய விமான நிலையங்களில் முதற்சுற்றை நடத்துவது இயந்திரம். அது இரண்டு வெவ்வேறு சக்திகளில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, எந்தக் கதிர் எவ்வளவு தடைபட்டது என்பதிலிருந்து பொருளின் அணு எண்ணைக் கணிக்கிறது. கரிமப் பொருள் செம்மஞ்சளாகவும் இரும்பு நீலமாகவும் திரையில் விழும். அடர்த்தி மிகுந்த கரிமப் பொருளைக் கண்டால் இயந்திரம் எச்சரிக்கும். வெடிமருந்து அந்த வகையைச் சேர்ந்தது. சொக்லேட்டும் அந்த வகைதான். லண்டனுக்குப் போகும் தொதலும் அப்படியே சந்தேகத்துக்கு உள்ளாகலாம்.

துவக்கோ வெறும் இரும்பு. வெடிமருந்துக்கென அமைக்கப்பட்ட கணிப்பில் அது எச்சரிக்கையை எழுப்பியே தீர வேண்டும் என்பதில்லை. எச்சரிக்கை எழாத பொதியின் படம் எவர் பார்வைக்கும் போகாமலே விமானத்தில் ஏறிவிடக்கூடும். இப்படி வடிவமைத்ததற்குக் காரணம் உண்டு. 1986 மே 3 அன்று கட்டுநாயக்கவில் மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயார் லங்கா ட்ரைஸ்டாரில் குண்டு வெடித்து 21 பேர் உயிரிழந்தார்கள். சரக்கறையில் கிடக்கும் துவக்கு விமானத்தைப் பிளக்காது, குண்டு பிளக்கும். காரணம் நியாயமானதே. ஆனால் “நூறு வீதம்” என்று சொல்லும்போது, அந்த நூறு எந்தக் கேள்விக்கான விடை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாததால், சட்டவிரோத ஆயுதமும் அதே வலையில் கட்டாயம் சிக்கும் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2024இல் 6,678 துவக்குகள் பிடிபட்டன என்ற கணக்கும் கைப்பைச் சோதனைச் சாவடிகளுக்கு உரியது. அங்கே மனிதர் திரையைப் பார்க்கிறார்.

ஆகவே சரக்கறைத் துவக்கு பற்றிய முழு ஏற்பாடும் பயணி தானே வாய்திறந்து அறிவிப்பதில் தங்கியிருக்கிறது. கட்டுநாயக்கவில் புறப்பாட்டு மண்டப வாசலிலேயே பொதிகள் எக்ஸ்ரேக்குள் போவதால், அறிவிப்பை அங்கேயே செய்ய வேண்டும். விமான நிறுவனத்தின் கருமபீடம் அதற்குப் பிறகுதான் வரும். அறிவிக்காத ஆயுதம் புறப்படும் இடத்தில் தப்பினாலும் இறங்கும் நாட்டுச் சுங்கத்தில் அகப்படலாம். அப்போது வழக்கு அந்நாட்டுச் சட்டப்படி.

ஏனைய கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள் போதும்.

ரவைகள்: விமான நிறுவனம் சம்மதித்தால், சொந்தப் பாவனைக்கு, ஒருவருக்கு 5 கிலோ வரை, சரக்கறையில் மட்டும், இருவரின் அளவை ஒன்றாகச் சேர்க்க முடியாது.

வளித் துவக்கு: டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் தெஹானி எகொடவெல போட்டியிட்ட 10 மீற்றர் வகையும் கைப்பையில் ஆகாது.

பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்கு: அசலைப்போல் இருந்தால் கைப்பையில் வேண்டாம்.

ஞாபகத்துக்கு வைத்திருக்கும் வெற்று ரவைக்கோது: சில நாடுகளில் அதுவே குற்றம்.

தீபாவளி மத்தாப்பு, பட்டாசு: எந்தப் பொதியிலும் கூடாது.