பவளத்திற்கு ஏற்ற விளக்கு எது?

ஒளிச்சேர்க்கைப் பாடம் முடிந்த அன்று, “விளக்கு வெளிச்சத்தில் உயிர்கள் வளருமா, சிஸ்டர்?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். “நீங்களே தேடிப் படித்து வந்து சொல்லுங்கள்” என்றார்கள் அறிவியல் சிஸ்டர். செடிகளில் தொடங்கிய எங்கள் தேடல் கடலடியில் போய் நின்றது. அங்கே கற்றதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பவளப்பாறை கல் அன்று. எண்ணற்ற சிறு பிராணிகள் கூடிக் கட்டிய வீடு அது. அப்பிராணிகளின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, குடியிருப்போர் வாடகை கொடுப்பதுபோல் பெரும்பகுதியைப் பவளத்திற்கே தந்துவிடுகின்றன. ஆகவே ஒளி குன்றினால் பவளம் பட்டினி கிடக்கும். வெப்பமோ ஒளியோ மிகுந்தாலும் ஆபத்துதான். பாசிகள் வெளியேற, பவளம் வெளுத்துப்போகும்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கடல் அளவுமீறிச் சூடேறியது. ஆராய்ச்சியாளர்கள் கடலில் வளர்த்துவந்த ஆயிரக்கணக்கான பவளங்களை எடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளில் சேர்த்தார்கள். இப்படிக் காக்கப்படும் பவளம் கூரைக்குக் கீழ் இருக்குமானால், அதற்கு விளக்குதான் சூரியன். எனவே எந்த விளக்கு என்பது அழகு பற்றிய கேள்வி அன்று. உயிர் பற்றிய கேள்வி.

பல ஆண்டுகளாக இதற்குப் பயன்பட்டது மெட்டல் ஹேலைடு விளக்கு. இரவு விளையாட்டு மைதானங்களில் கண்ணைக் கூசவைத்ததும் இவ்வகை விளக்கே. குவார்ட்ஸ் குழாய்க்குள் பாதரசமும் உலோக உப்புகளும் இருக்கும். மின்சாரம் பாயும்போது அவை ஆவியாகி ஒளிவிடுகின்றன. குழல் விளக்கிற்கு இருப்பதுபோல் இதற்கும் ஒரு சோக் வேண்டும். ஏற்றியதும் முழு ஒளி தரச் சில நிமிடங்கள் ஆகும். அணைத்தால் சூடு ஆறும்வரை மீண்டும் எரியாது. இதன் ஒளி பெரிய பிரதிபலிப்பானில் பட்டுத் தொட்டி முழுவதும் சீராகப் பரவுகிறது. ஆழத்திற்கும் இறங்குகிறது.

குறைகளும் உண்டு. இது தண்ணீரைச் சூடேற்றுவதால் பல இடங்களில் குளிரூட்டும் கருவியும் தேவைப்படுகிறது. ஏறத்தாழ ஓராண்டில் ஒளியின் வலிமையும் நிறமும் மாறிவிடுவதால், எரிந்துகொண்டிருக்கும்போதே பல்பை மாற்றவேண்டும். உள்ளே பாதரசம் இருப்பதால் பழைய பல்பைக் கண்ட இடத்தில் எறியவும் கூடாது.

எல்.ஈ.டி. விளக்கில் வாயுவும் இல்லை, இழையும் இல்லை. குறைகடத்தி ஒன்றின் வழியே மின்சாரம் செல்லும்போது ஒளி பிறக்கிறது. பிரகாசமான நீல எல்.ஈ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பவளத்திற்கும் இந்த நீலமே முக்கியம். கடல்நீர் சிவப்பு ஒளியை விரைவில் விழுங்கிவிடும். ஆழத்திற்குச் செல்வது நீலமே. அதை நன்கு பயன்படுத்தப் பாசிகள் பழகியிருக்கின்றன.

இனிச் செலவைப் பார்ப்போம். 250 வாட் ஹேலைடு விளக்கு நாளொன்றுக்கு 10 மணி நேரம் எரிந்தால் 2.5 யூனிட், 30 நாளில் 75 யூனிட். அதன் இடத்தில் 150 வாட் எல்.ஈ.டி. வைத்தால் 45 யூனிட் போதும். அதன் சூடு பெரும்பாலும் மேற்புறமுள்ள உலோகத் தகட்டின் வழியே வெளியேறிவிடும்.

அப்படியானால் எல்.ஈ.டி.க்கே வெற்றி என்று எண்ணத் தோன்றும். நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் விளக்கை மாற்றியவர்கள் சிலரின் பவளங்கள் வெளுத்துப்போயின. ஏன்? நம் கண் பச்சை ஒளியை மிகுதியாக உணரும், நீலத்தைக் குறைவாகவே உணரும். நீல ஒளி நமக்கு மங்கலாகத் தெரிய, “போதவில்லை” என்று அவர்கள் முழு அளவில் ஏற்றிவிட்டார்கள். பவளத்திற்கோ அது உச்சி வெயிலாகிவிட்டது. அதனால்தான் பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. குறைந்த ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் மெல்ல உயர்த்துவதே முறை. மேலும், எல்.ஈ.டி.யின் ஒளி குறுகிய கற்றையாக விழுமானால் பவளக் கிளைகளின் அடியில் நிழல் தங்கும். விளக்குகளைப் பரவலாக அமைத்தால் இது தீரும்.

எல்.ஈ.டி.யின் பெரிய சிறப்பு, விடியலையும் அந்தியையும் நிலவையும் அதனால் காட்ட முடிவதே. பல பவளங்கள் நிலவின் கணக்குப்படியே முட்டையிடுகின்றன. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் பகலையும் நிலவையும் பருவ வெப்பத்தையும் தொட்டிக்குள்ளேயே உருவாக்கி, 2013இல் பவளங்களை முட்டையிடச் செய்தார்கள். அவர்கள் உதவியோடு 2019இல் ஃபுளோரிடாவிலும் அழியும் நிலையிலிருந்த தூண் பவளம் தொட்டியில் முட்டையிட்டது.

ஆகவே எங்கள் முடிவு இது. புதிதாகத் தொட்டி அமைப்பவருக்கு எல்.ஈ.டி.யே ஏற்றது, ஆனால் அளந்து, பொறுமையுடன் ஏற்றவேண்டும். நம் கண்ணுக்குப் போதுமா என்று கேளாமல் பவளத்திற்குப் போதுமா என்று கேட்கவேண்டும்.

நம் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் உள்ளன. அவற்றை எடுப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். அவற்றிற்கு விளக்கும் தேவையில்லை. கடல்நீர் கலங்காமலும் குப்பை சேராமலும் நாம் பார்த்துக்கொண்டால் போதும். சூரியன் தன் வேலையைச் செய்வான்.

– பத்தாம் வகுப்பு மாணவியர்