படி ஏறிய காலுக்கு மாத்திரை, பாடு வயிற்றுக்கு

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். பாதி ஏறும்போதே முழங்கால் கெஞ்சத் தொடங்கும். தரிசனம் முடியும்வரை சாப்பிடுவதில்லை என்று வேண்டிக்கொண்டவர், வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வார். நெஞ்செரிந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ‘கேஸ் மாத்திரை’. எலும்பு முறிந்து புத்தூர்க் கட்டுக்குப் போகிறவர்களும் வலிக்கு இந்த ஜோடியை நாடுவதுண்டு.

இரைப்பை அமிலம் தானாக ஊறுவதில்லை. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயனச் செய்திகளே அதை ஆட்டுவிக்கின்றன. குழம்பு வாசனை வந்ததுமே வேகஸ் நரம்பின் முனைகள் அசிட்டைல்கோலினை விடுகின்றன. இரைப்பையின் கீழ்ப்பகுதிச் செல்கள் கேஸ்ட்ரினை இரத்தத்தில் கலக்கின்றன. அது வேறு செல்களைத் தூண்டி ஹிஸ்டமினைச் சுரக்க வைக்கிறது. மூன்றும் சேர்ந்து முடுக்கியதும், பெரைட்டல் செல்களிலுள்ள புரோட்டான் பம்புகள் அமிலத்தை இறைக்கின்றன. அமிலம் மிகுந்தால் சொமட்டோஸ்டாட்டின் தடுக்கும். புரோஸ்டாகிளாண்டினோ அமிலத்தைக் குறைப்பதோடு, இரைப்பையின் சளிப்பூச்சையும் காக்கும்.

வலி மாத்திரை கைவைப்பது இந்தப் புரோஸ்டாகிளாண்டினில்தான். முழங்காலில் வலியைக் கிளப்புவதும் அதே இனம் என்பதால் வலி தணிகிறது; வயிறோ காவலை இழக்கிறது. சாப்பிட்டபின் போட்டால் ஆபத்தில்லை என்பது பாதி உண்மைகூட இல்லை. மருந்து இரத்தத்தின் வழியாகவும் வேலை செய்வதால், ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம்.

‘கேஸ் மாத்திரை’களான பான்டோப்ரசோலும் ஒமெப்ரசோலும் அந்தப் பம்பையே அடைக்கின்றன. நல்ல மருந்துகள்தான், வலி மாத்திரையைத் தவிர்க்க முடியாத முதியவர்களுக்கு மருத்துவரே சேர்த்து எழுதுவார். மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்குவதுதான் வம்பு. அமிலம் குறைந்தால் சொமட்டோஸ்டாட்டினின் பிடி தளர்ந்து கேஸ்ட்ரின் ஏறும். மாத்திரையை நிறுத்தியதும் அமிலம் பொங்கும். டென்மார்க்கில் வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. 8 வாரம் இவ்வகை மாத்திரை தின்று நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள். போலி மாத்திரை தின்றவர்களில் 15 விழுக்காடுதான். ‘இது இல்லாமல் முடியவில்லை’ என்பவர்களில் சிலருக்குத் தொல்லையைத் தருவதே மாத்திரையாக இருக்கலாம். ஆகவே நிறுத்துவதையும் மருத்துவரைக் கேட்டே செய்யவேண்டும். நெடுநாள் தின்றால் பி12, மக்னீசியம் குறையலாம். அரிதாகச் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

எரிச்சல் திரும்பத் திரும்ப வந்தால் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்குச் சோதனை கேளுங்கள்; ஆன்டிபயாட்டிக் சேர்ந்த சிகிச்சையில் தீரக்கூடியது அது. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்க, கடைக்காரர் ஏன் வைத்தியராக வேண்டும்? இந்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டுக்கே விற்கவேண்டும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. பில்லை வாங்கி வையுங்கள். அது இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிப்பது கடினம். மருந்தின் தரத்தில் சந்தேகமா? 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். பக்கவிளைவைச் சொல்ல 1800-180-3024. நுகர்வோர் புகாருக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது.

மலம் தார்போல் கறுத்தாலோ வாந்தியில் இரத்தம் வந்தாலோ கடைக்குப் போகாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். படி ஏறும்போது நெஞ்சு அடைத்து வியர்த்தால் அதை கேஸ் என்று நினைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். மாரடைப்பாக இருக்கலாம்; உடனே 108.